கிளாரன்ஸ் ஸ்மோயர்

கிளாரன்ஸ் ஸ்மோயர் (ஜூன் 19, 1923 – செப்டம்பர் 30, 2022) இரண்டாம் உலகப் போரில் ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையில் டாங்கிச் சுடுநராகப் பணியாற்றியவர். பென்சில்வேனியா மாநிலத்தின் லீஹைட்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்த இவர், 3வது கவச டிவிசனைச் சேர்ந்த பெர்ஷிங் வகை டாங்கி ஒன்றின் பீரங்கியை இயக்கினார். மார்ச் 6, 1945 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில், புகழ்பெற்ற பேராலயத்தின் முன்னால் நின்ற ஜெர்மானியப் பாந்தர் டாங்கியை இவரது டாங்கி அழித்தது. போர்க்களப் படப்பிடிப்பாளர் ஒருவர் இச்சண்டையைத் திரைப்படச் சுருளில் பதிவு செய்தார். இரண்டாம் உலகப் போரில் படமாக்கப்பட்ட டாங்கிச் சண்டைகளுள் மிகப் பரவலாக அறியப்பட்டது இதுவே.

இச்சண்டைக்காக ஸ்மோயருக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் 74 ஆண்டுகள் கழித்து, 2019 இல் வழங்கப்பட்டது. அதே நாளில் கொலோனில் நிகழ்ந்த ஓர் இளம்பெண்ணின் மரணத்தில் தமக்கும் பங்கு இருக்கக்கூடும் என்ற எண்ணம் முதுமையில் இவரை வாட்டியது. அதற்கு விடை தேடி 2013 இல் கொலோனுக்குச் சென்ற இவர், அன்று தமக்கு எதிராகப் போரிட்ட ஜெர்மானிய வீரர் ஒருவரைச் சந்தித்து நண்பரானார்.

இளமை

லீஹைட்டன், பென்சில்வேனியாவின் கார்பன் மாவட்டத்தில் லீஹை ஆற்றின் கரையில் அமைந்துள்ள சிற்றூர். மக்கள்தொகை ஏறத்தாழ ஐயாயிரம். நிலக்கரியின் பெயரையே தாங்கிய இம்மாவட்டத்தின் வாழ்வாதாரம் நீண்ட காலம் நிலக்கரிச் சுரங்கங்களையும், அந்நிலக்கரியை ஏற்றிச் சென்ற இரயில் பாதைகளையும் சார்ந்திருந்தது. 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சி இப்பகுதியைக் கடுமையாகப் பாதித்தது. ஸ்மோயர் எளிய உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்து அவ்வறுமையிலேயே வளர்ந்தவர்.

1943 இல் கட்டாய இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட இவர், பயிற்சிக்குப் பின்னர் 3வது கவச டிவிசனின் 32வது கவச ரெஜிமண்டில் ஈ கம்பெனியில் சேர்க்கப்பட்டார். உயரமானவர், மென்மையாகப் பேசுபவர், சண்டையை விரும்பாதவர் என்று இவரை அறிந்தோர் குறிப்பிட்டுள்ளனர்.

3வது கவச டிவிசன்

3வது கவச டிவிசன் 1941 இல் உருவாக்கப்பட்டது. இதன் பட்டப்பெயர் “ஸ்பியர்ஹெட்”, அதாவது ஈட்டிமுனை. தாக்குதல்களில் முன்னணியில் செல்லும் படைப்பிரிவு என்பதால் இப்பெயர் நிலைத்தது. 1944 ஜூன் மாத இறுதியில் நார்மாண்டியில் தரையிறங்கிய இப்பிரிவு பிரான்சையும் பெல்ஜியத்தையும் கடந்து, செப்டம்பர் மாதம் ஜெர்மனியின் எல்லைக்குள் நுழைந்தது. பின்னர் சிக்ஃபிரைட் கோட்டுச் சண்டைகளிலும், 1944 டிசம்பரில் தொடங்கிய பல்ஜ் சண்டையிலும் ஈடுபட்டது.

இப்பிரிவின் டாங்கி இழப்புகள் மிகக் கடுமையானவை. இதன் முழுமையான பலம் 232 நடுத்தர டாங்கிகள். ஆனால் போர் முடிவதற்குள் 648 ஷெர்மன் டாங்கிகள் அடியோடு அழிக்கப்பட்டன என்றும், மேலும் 700 டாங்கிகள் சேதமடைந்து பழுதுபார்க்கப்பட்டன என்றும் அப்பிரிவின் பழுதுபார்ப்பு அதிகாரியாக இருந்த பெல்டன் கூப்பர் தமது நூலில் எழுதியுள்ளார். அடிபட்ட டாங்கிகளை உட்புறம் கழுவிச் செப்பனிட்டு, புதிய வண்ணம் பூசி, வேறு வீரர்களிடம் ஒப்படைப்பது வழக்கமாக இருந்தது.

டாங்கியினுள் பணி

ஒரு டாங்கியில் ஐந்து பேர் இருப்பர். முன்பகுதியில் ஓட்டுநரும், இயந்திரத் துப்பாக்கியை இயக்கும் துணை ஓட்டுநரும் அமர்ந்திருப்பர். மேலே சுழலும் கூண்டில் டாங்கித் தலைவர், சுடுநர், குண்டு ஏற்றுபவர் ஆகிய மூவர் இருப்பர். ஸ்மோயர் முதலில் குண்டு ஏற்றுபவராக இருந்தார். பெல்ஜியத்தின் மோன்ஸ் நகருக்கு அருகே 1944 செப்டம்பரில் நடந்த சண்டையில் அவரது டாங்கியின் சுடுநரும் நெருங்கிய நண்பருமான வீரர் கொல்லப்பட்டார். அதன் பின்னர் ஸ்மோயர் சுடுநரானார்.

சுடுநரின் இருக்கை பீரங்கியின் அருகே, கூண்டின் உட்புறத்தில் இருக்கும். வெளியுலகை அவர் ஒரு பெரிஸ்கோப்பின் வழியாகவும், பீரங்கியுடன் இணைந்த தொலைநோக்கியின் வழியாகவும் மட்டுமே காண முடியும். இலக்கைத் துல்லியமாகப் பார்க்க அது போதும். இலக்கின் சுற்றுப்புறத்தைப் பார்க்கப் போதாது. எங்கே திரும்ப வேண்டும், எதைச் சுட வேண்டும் என்பதைத் தலைவர் உள்தொடர்புக் கருவியில் கூறுவார். சுட்டவுடன் எழும் புகையும் புழுதியும் அந்தச் சிறிய காட்சியையும் மறைத்துவிடும். ஸ்மோயரின் பிற்கால வாழ்வை விளங்கிக்கொள்ள இந்த வரம்பை நினைவில் கொள்வது அவசியம்.

பெர்ஷிங் டாங்கி

அமெரிக்கப் படையின் முதன்மை டாங்கியான ஷெர்மனின் 75 மி.மீ. பீரங்கியால் ஜெர்மானியப் பாந்தரின் முன்புறக் கவசத்தைத் துளைக்க இயலவில்லை. பாந்தரின் முன்பகுதி 80 மி.மீ. தடிப்பும் மிகுந்த சாய்வும் கொண்டது. கவசம் சாய்வாக இருக்கும்போது குண்டு கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது. குண்டு வழுக்கி விலகும் வாய்ப்பும் கூடுகிறது. மாறாக, வினாடிக்கு 900 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும் பாந்தரின் குண்டுகள் ஷெர்மனை வெகு தொலைவிலிருந்தே துளைத்தன.

இக்குறையைப் போக்க 90 மி.மீ. பீரங்கியும், 100 மி.மீ. அளவிலான முன்புறக் கவசமும் கொண்ட புதிய டாங்கி உருவாக்கப்பட்டது. இது பின்னர் எம்26 பெர்ஷிங் எனப் பெயர் பெற்றது. இதன் எடை ஏறத்தாழ 42 டன். 1945 இன் தொடக்கத்தில் களச் சோதனைக்காக 20 பெர்ஷிங்குகள் மட்டுமே ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் பத்து 3வது கவச டிவிசனுக்கும், பத்து 9வது கவச டிவிசனுக்கும் வழங்கப்பட்டன.

32வது ரெஜிமண்டின் ஈ கம்பெனிக்குக் கிடைத்த பெர்ஷிங், ராபர்ட் ஏர்லி தலைமையிலான குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஸ்மோயர் சுடுநர், ஜான் டெரிக்கி குண்டு ஏற்றுபவர், வில்லியம் மெக்வே ஓட்டுநர், ஹோமர் டேவிஸ் துணை ஓட்டுநர். ஸ்டோல்பெர்க் நகருக்கு அருகே உயர் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த சோதனையில், தொலைவிலிருந்த வீடுகளின் புகைபோக்கிகளை ஸ்மோயர் குறிபார்த்துச் சுட்டு வீழ்த்தினார்.

புதிய டாங்கியைப் பெற்றது ஒரு வகையில் சுமையாகவும் அமைந்தது. வலிமை மிக்க டாங்கி என்பதால் அணிவகுப்பின் முன்னணியில் செல்லும் பொறுப்பு அதற்கே அளிக்கப்பட்டது. எதிரியின் முதல் குண்டு முன்னால் செல்லும் டாங்கியின் மீதே விழும் என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். பெர்ஷிங்கும் வெல்ல முடியாததன்று. 1945 பெப்ரவரி இறுதியில் எல்ஸ்டார்ஃப் என்னுமிடத்தில் இதே டிவிசனின் மற்றொரு பெர்ஷிங்கை ஜெர்மானிய டைகர் டாங்கி ஒன்று செயலிழக்கச் செய்தது.

கொலோன் சண்டை

பின்னணி

ரைன் ஆற்றங்கரையில் அமைந்த கொலோன் (ஜெர்மன் மொழியில் கோல்ன்) போருக்கு முன்னர் ஏழரை லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்த பெருநகரம். 1942 மே 30 இரவு ஆயிரம் விமானங்கள் பங்கேற்ற பிரித்தானியத் தாக்குதல் உட்பட, பல வான் தாக்குதல்களால் நகரின் மையப்பகுதி இடிபாடுகளாகியிருந்தது. 157 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரங்களைக் கொண்ட பேராலயம் பல முறை குண்டடி பட்டும் வீழாமல் நின்றது. 1945 மார்ச் மாதத் தொடக்கத்தில் 3வது கவச டிவிசனும் 104வது தரைப்படை டிவிசனும் நகருக்குள் நுழைந்தன. மார்ச் 6 அன்று, பேராலயத்துக்கு அருகில் ரைன் ஆற்றைக் கடக்கும் ஓகன்சோலர்ன் பாலத்தை ஜெர்மானியரே தகர்த்தனர். மேற்குக் கரையில் எஞ்சிய ஜெர்மானியப் படைகளுக்குத் தப்பும் வழி அடைபட்டது.

நாற்சந்தியில் நிகழ்ந்தது

அன்று பேராலயத்தை நோக்கிச் சென்ற பெர்ஷிங், ஒரு நாற்சந்தியில் ஜெர்மானிய நான்காம் வகை பன்சர் டாங்கி ஒன்றை எதிர்கொண்டது. அதில் குஸ்தாவ் ஷேஃபர் என்ற 18 வயது இளைஞர் வானொலி இயக்குபவராகவும் முன்புற இயந்திரத் துப்பாக்கியைச் சுடுபவராகவும் இருந்தார். இவர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்.

இரு டாங்கிகளும் நாற்சந்தியைக் குறிவைத்திருந்த வேளையில் ஒரு சிறிய ஓப்பல் மகிழுந்து அவற்றின் நடுவே விரைந்து வந்தது. அது இரு தரப்பின் துப்பாக்கிச் சூட்டிலும் சிக்கியது. அதில் இருந்தவர்கள் நகரை விட்டுத் தப்ப முயன்ற பொதுமக்கள். மகிழுந்தை ஓட்டிய கடைக்காரரும், அவரது கடையில் பணிபுரிந்த 26 வயதுப் பெண்ணும் உயிரிழந்தனர். காயமுற்ற அப்பெண்ணை அமெரிக்க மருத்துவ உதவியாளர்கள் வெளியே எடுத்துச் சாலையோரம் கிடத்தி உதவ முயன்ற காட்சி படச்சுருளில் பதிவாகியுள்ளது.

பன்சர் டாங்கி ஒரு கட்டடத்தின் பின்னால் மறைந்தது. ஸ்மோயர் அக்கட்டடத்தையே சுட்டார். சுவர் சரிந்து பன்சரின் மீது விழ, அதன் கூண்டு இயங்க முடியாமல் போனது. ஷேஃபரும் உடனிருந்தோரும் டாங்கியைக் கைவிட்டு வெளியேறினர். பின்னர் ஷேஃபர் போர்க்கைதியானார்.

பேராலயத்தின் முன்னால்

அதே நாள் பிற்பகலில், பேராலயத்தை நோக்கிச் சென்ற மற்றொரு தெருவில் எஃப் கம்பெனியின் ஷெர்மன் டாங்கிகள் முன்னேறின. பேராலயத்தின் அருகே காத்திருந்த பாந்தர் டாங்கி அவற்றுள் முன்னால் சென்றதைத் தாக்கியது. லெப்டினன்ட் கார்ல் கெல்னர் ஒரு காலை இழந்த நிலையில் கூண்டிலிருந்து வெளியேறிச் சிறிது நேரத்தில் இறந்தார். அவருடன் சேர்த்து அந்த டாங்கியில் மூவர் உயிரிழந்தனர்.

பாந்தரை எதிர்கொள்ள ஏர்லியின் பெர்ஷிங் இணையான தெருவொன்றின் வழியாக அனுப்பப்பட்டது. ஏர்லி டாங்கியை நிறுத்திவிட்டு நடந்து சென்று பாந்தரின் நிலையை நேரில் பார்த்து வந்தார். படையின் படப்பிடிப்பாளரான ஜிம் பேட்ஸ் அருகிலிருந்த கட்டடத்தில் தமது கருவியுடன் இடம் பிடித்தார். பாந்தரின் பீரங்கி வேறு தெருவை நோக்கியிருந்தது. எனவே நாற்சந்திக்குள் நுழைந்து, நின்று, அதன் பக்கவாட்டைச் சுடுவது என்று திட்டமிடப்பட்டது.

பெர்ஷிங் திருப்பத்தைக் கடந்தபோது பாந்தரின் பீரங்கி அதன் பக்கம் திரும்பியிருப்பதை ஸ்மோயர் தமது கருவியில் கண்டார். நின்று குறிபார்க்க நேரமில்லை. டாங்கி நகர்ந்துகொண்டிருக்கும்போதே சுட்டார். பெர்ஷிங்கில் பீரங்கியை நிலைப்படுத்தும் கருவி இல்லை என்பதால் இவ்வாறு சுடுவது பொதுவாகத் தவிர்க்கப்படும் செயல். ஆயினும் தெருவின் குறுகிய தொலைவில் குண்டு இலக்கைத் தாக்கியது. தொடர்ந்து மேலும் இரு குண்டுகளைச் சுட்டார். பாந்தர் தீப்பற்றி எரிந்தது. அதன் தலைவர் வில்ஹெல்ம் பார்டெல்போர்த் உயிர் தப்பினார்.

முதலில் சுடும் வாய்ப்பு பாந்தருக்கும் இருந்தது. பெர்ஷிங்கின் தோற்றம் அதுவரை ஜெர்மானியருக்கு அறிமுகமில்லாதது என்பதால், வருவது தம் தரப்பு டாங்கி என்று பார்டெல்போர்த் கருதித் தயங்கினார். அந்தச் சில வினாடிகளே சண்டையின் முடிவைத் தீர்மானித்தன.

மார்ச் 7 அன்று கொலோனின் மேற்குக் கரைப் பகுதி முழுவதும் அமெரிக்கர் வசமானது. பேட்ஸ் எடுத்த படம் அமெரிக்கத் திரையரங்குகளில் செய்திப்படமாகக் காட்டப்பட்டது.

தவறிய பதக்கம்

இச்சண்டைக்காக ஏர்லிக்குப் போர்க்காலத்திலேயே வெண்கல நட்சத்திரப் பதக்கம் வழங்கப்பட்டது. ஸ்மோயரின் பெயரும் பரிசீலனையில் இருந்தது. ஆனால் அவர் ஜெர்மானியச் சிறுவர்களுடன் பேசிக்கொண்டிருந்ததைப் படைக் காவலர்கள் கண்டனர். அச்சிறுவர்கள் அவரிடம் சூயிங்கம் கேட்டு வந்திருந்தனர். எதிரி நாட்டு மக்களுடன் பழகக்கூடாது என்ற விதி அப்போது நடைமுறையில் இருந்ததால் அவருக்குப் பதக்கம் கிடைக்காமல் போனது.

கொலோனுக்குப் பின்னர் 3வது கவச டிவிசன் ரைனைக் கடந்து பாடர்போர்ன் நகரை நோக்கி விரைந்தது. மார்ச் 30 அன்று அதன் தளபதி மேஜர் ஜெனரல் மாரிஸ் ரோஸ் அந்நகருக்கு அருகே கொல்லப்பட்டார். ஏப்ரல் 11 அன்று இப்பிரிவு நோர்ட்ஹவுசனை அடைந்து, அங்கிருந்த வதைமுகாம் கைதிகளை விடுவித்தது. மே 8 அன்று ஐரோப்பாவில் போர் முடிவுக்கு வந்தது.

போருக்குப் பின்

நாடு திரும்பிய ஸ்மோயர் திருமணம் செய்துகொண்டு, லீஹைட்டனுக்கு அருகிலுள்ள ஆலன்டவுன் நகரில் குடியேறினார். லீஹை பள்ளத்தாக்கின் முக்கியத் தொழில்களுள் ஒன்றான சிமென்ட் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றார். போரைப் பற்றி அவர் பெரும்பாலும் பேசவில்லை. அண்டை வீட்டார் பலருக்கும் அவரது கடந்த காலம் தெரியாது.

1990களில் கொலோன் படத்தின் ஒளிநாடாப் பிரதி அவருக்குக் கிடைத்தது. ஒரு காலத்தில் தாம் பெரிஸ்கோப்பின் குறுகிய வட்டத்தில் மட்டும் பார்த்த அந்த நாளை அவர் முதன்முறையாக வெளியிலிருந்து பார்த்தார். பாந்தர் எரிவதை மட்டுமன்றி, அந்த மகிழுந்தையும் சாலையோரம் கிடத்தப்பட்ட பெண்ணையும் கண்டார். நாற்சந்தியில் விரைந்து வந்த வாகனம் படையினருடையது என்று கருதித் தாம் சுட்டது அவருக்கு நினைவிருந்தது. அப்பெண் இறந்தது தமது குண்டினாலா என்ற கேள்வி எழுந்தது. தூக்கமின்மையும் கெட்ட கனவுகளும் தொடர்ந்தன.

ஷேஃபருடன் சந்திப்பு

எழுத்தாளர் ஆடம் மேக்கோஸ் இந்நிகழ்வை ஆய்வு செய்தபோது, எதிர்த்தரப்பில் இருந்த ஷேஃபர் உயிருடன் இருப்பது தெரியவந்தது. 2013 மார்ச் மாதத்தில் ஸ்மோயரும் ஷேஃபரும் கொலோனில், பேராலயத்தின் அருகே சந்தித்தனர். அப்போது ஸ்மோயருக்கு வயது 89. ஷேஃபருக்கு வயது 86.

இருவரும் அந்த நாற்சந்திக்குச் சென்று அன்றைய நிகழ்வுகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். தாமும் அந்த மகிழுந்தைச் சுட்டதாக ஷேஃபர் கூறினார். யாருடைய குண்டு அப்பெண்ணைக் கொன்றது என்பதைத் தனித்துப் பிரித்துக் கூற இயலாவிட்டாலும், அச்சுமை தமக்கு மட்டும் உரியதன்று என்பது ஸ்மோயருக்குத் தெரிந்தது. இருவரும் அப்பெண் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் ரோஜா மலர்களை வைத்து அஞ்சலி செலுத்தினர்.

அதன் பின்னர் இருவரும் கடிதங்கள் வழியாகவும் கணினி வழியாகவும் தொடர்பில் இருந்தனர். ஷேஃபர் 2017 இல் காலமானார். அவரது இறுதிச் சடங்குக்கு ஸ்மோயர் மலர்களை அனுப்பிவைத்தார்.

சிறப்பு

மேக்கோஸ் எழுதிய “ஸ்பியர்ஹெட்” என்னும் நூல் 2019 இல் வெளியாகிப் பலராலும் படிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று வாசிங்டனில் உள்ள இரண்டாம் உலகப் போர் நினைவிடத்தில் ஸ்மோயருக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 96. டெரிக்கி, மெக்வே, டேவிஸ் ஆகிய மூவருக்கும் அவர்கள் மறைவுக்குப் பின் அதே பதக்கம் அளிக்கப்பட்டது. 1945 இல் ஏர்லிக்குக் கிடைத்த பதக்கத்தையும் சேர்த்தால், அந்த பெர்ஷிங் டாங்கியின் ஐவரும் ஒரே சண்டைக்காகப் பதக்கம் பெற்றவர்களாயினர்.

மறைவு

ஸ்மோயர் செப்டம்பர் 30, 2022 அன்று ஆலன்டவுனில் தமது 99ஆவது வயதில் காலமானார். பெர்ஷிங் குழுவில் கடைசியாக எஞ்சியிருந்தவர் இவரே. பேட்ஸ் எடுத்த கொலோன் படச்சுருள் இன்றும் ஆவணப்படங்களிலும், டாங்கிப் போர்முறை குறித்த பாடங்களிலும் பயன்படுத்தப்படுகிறது.